வளையலைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்: வீட்டிலேயே ஒரு கிட்டார் ஆல்பம் பதிவு செய்வது எப்படி

முதலில் வளையலைக் கழற்றி வையுங்கள். கண்ணாடி வளையல், தங்கக் காப்பு இரண்டும்தான். தாலிச் சங்கிலி கிட்டாரின் பின்பலகையில் உரசும், அதைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டுக்கொள்ளலாம். கொலுசு வேண்டாம், கைக்கடிகாரம் வேண்டாம், பையில் சாவிக்கொத்து வேண்டாம். நைலான் நைட்டி போட்டுக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் சரசரக்கும். துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்தி உடை ஒன்று போதும். நான் இரண்டு இரவு பாடி முடித்துவிட்டுக் கேட்டால், ஒரு பாட்டின் சரணம் முழுக்க யாரோ தூரத்தில் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவது போல ஒரு சத்தம். பக்கத்து வீடா, தெருவா என்று தேடித் தேடிக் கடைசியில் பார்த்தால், என் வலது கை வளையல்.

நான் பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். கிட்டார் கற்றது சர்ச் கொயரில். எங்கள் பக்கம் கிட்டார் பிடித்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கற்றிருப்பார்கள். எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகள் வருடக்கணக்கில் நோட்டில் கிடந்தன. அவற்றில் ஒன்பதை வீட்டு மாடி அறையிலேயே பதிவு செய்து 31 நிமிட ஆல்பமாக வெளியிட்டேன். ஒரு கிட்டார், ஒரு குரல், வேறு வாத்தியம் கிடையாது. அப்போதிருந்து "எப்படிப் பண்ணுனீங்க டீச்சர்?" என்று கேட்கிறவர்களுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் இங்கே ஒன்றாக எழுதுகிறேன். பேண்டு வைத்துப் பாடுகிறவர்களுக்கும் பீட் போட்டுப் பாடுகிறவர்களுக்கும் இது அவ்வளவாகப் பயன்படாது.

வீட்டில் செய்வதற்கு முன்னால் ஒரு ஸ்டுடியோவுக்கும் போனேன். மணிக்கு 700 ரூபாய். ஹெட்போனில் வேகத்தைக் காட்ட டிக் டிக்கென்று கிளிக் ஓடும், அதற்கு முதலில் கிட்டார் மட்டும் வாசிக்க வேண்டும், பிறகு அதைக் கேட்டுக்கொண்டே தனியாகப் பாட வேண்டும். சினிமாப் பாட்டுக்கு அது சரியான முறைதான். ஆனால் நான் வரி முடிகிற இடத்தில் கொஞ்சம் இழுப்பேன், சரணத்துக்குள் நுழையும்போது லேசாக வேகம் பிடிப்பேன், மூச்சு வாங்குகிற இடத்தில் கை தானாகக் காத்திருக்கும். கிளிக் காத்திருக்காது. மூன்று மணி நேரம், 2,100 ரூபாய், கையில் வந்தது ஒரே பாட்டு. வீட்டில் அத்தையிடம் போட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ அடுக்களைல பாடுத மாதிரி இல்லியே பிள்ள" என்றார்கள்.

அன்றைக்கே முடிவு செய்தேன்: பாடுவதும் வாசிப்பதும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில். இனி நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்து வருவதுதான். இதில் ஒரு சங்கடம் உண்டு. குரலில் ஒரு சொல் தடுக்கினால் அதை மட்டும் வெட்டி மாற்ற முடியாது, ஏனென்றால் அதே பதிவுக்குள் கிட்டாரும் இருக்கிறது. தப்பு விட்டால் பாட்டை முதலிலிருந்து பாட வேண்டும். அதனால் அறை, உடை, நாற்காலி, கம்பி, நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிசெய்துவிட்டுத்தான் உட்கார முடியும். பதிவு செய்த பிறகு கம்ப்யூட்டரில் செய்கிற வேலை சொற்பம்தான்.

எனக்குத் தைரியம் தந்தது இங்கிலாந்துக்காரர் நிக் டிரேக்கின் கடைசி ஆல்பம். 1971 அக்டோபரில், லண்டனில், இரண்டே இரவுகளில் பதிவானது. அறையில் அவரும் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டும்தான். பதினொரு பாட்டு, மொத்தம் 28 நிமிடம். ஒரே ஒரு பாட்டில் கொஞ்சம் பியானோவைப் பிறகு சேர்த்தார்கள், மற்றதெல்லாம் குரலும் கிட்டாரும் மட்டும். அவருக்கு அது நல்ல ஸ்டுடியோ, நமக்கு மாடி அறை, அந்த வித்தியாசம் பெரிதுதான். ஆனால் 28 நிமிடத்துக்கு ஒரு கிட்டாரும் ஒரு குரலும் போதும் என்பது அதைக் கேட்டால் புரிந்துவிடும்.

எத்தனை பாட்டு, எந்தச் சுருதி

முதலில் கழியுங்கள். என்னிடம் பதினாறு பாட்டு இருந்தது. எல்லாவற்றையும் போனில் பாடிப் பதிந்து, ஸ்கூட்டியில் போகிற வழியில் பத்து நாள் கேட்டேன். நானே தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுப் போன பாட்டுகளை எடுத்துவிட்டேன். அப்புறம், கிட்டார் இல்லாமல் வெறும் குரலில் பாடிப் பார்த்தேன். மெட்டு தனியாக நிற்கவில்லை என்றால் அந்தப் பாட்டை அதுவரை கிட்டார் கார்டுகள்தான் (பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) தாங்கிக்கொண்டிருந்தன என்று அர்த்தம். அதில் நாலு போயிற்று. மிஞ்சியது ஒன்பது.

அடுத்தது சுருதி. எனக்கு ஐந்து கட்டை. கட்டைக் கணக்கில் பழகியவர்களுக்குக் கிட்டார் எழுத்து குழப்பும், ஆனால் கணக்கு எளிது: ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை என்றால் சி ஷார்ப், ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். ஐந்து கட்டையில் பாட ஜி கார்டைத் திறந்த கம்பியோடு பிடிக்கலாம். பிடித்தால், தடித்த கம்பிகள் பெண் குரலுக்கு வெகு கீழே தனியாக முழங்கும். அதே ஐந்து கட்டையை, காபோவை (கம்பிகளைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கிளிப்) கழுத்தின் 5ஆவது கட்டமான 5ஆவது ஃப்ரெட்டில் மாட்டி டி வடிவத்தில் பிடித்துப் பாருங்கள். கிட்டார் சின்னதாகி, மேண்டலின் பக்கமாக நகர்ந்து, குரலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பாட்டுக்கு எது பொருந்தும் என்பதை வாசித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சோகமான பாட்டுக்கு அடிக் கம்பிகள் வேண்டும் என்று நினைத்தேன், எனக்கு நேர்மாறாக அமைந்தது.

ஒன்பது பாட்டையும் ஐந்து கட்டையிலேயே பாடாதீர்கள். பாடுகிறவருக்குச் சௌகரியம்தான், ஆனால் கேட்கிறவருக்கு நாலாவது பாட்டுக்குள் அலுத்துவிடும். நான் இரண்டைக் கீழே இறக்கி நாலு கட்டையிலும், ஒன்றை மேலே ஏற்றி ஆறிலும் வைத்தேன். அந்த ஆறு கட்டைப் பாட்டில் மேல் ஸ்தாயி வரும்போது குரல் கொஞ்சம் இறுகும். அந்த இறுக்கம் அந்தப் பாட்டுக்குத் தேவைப்பட்டது.

பத்துக்குப் பத்து அறையின் வம்பு

நம் ஊர் வீடுகளில் படுக்கையறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. கான்கிரீட் கூரை, சிமெண்டு பூசிய சுவர், டைல்ஸ் தரை. கையை ஒரு தட்டுத் தட்டினால் "ட்ரிங்" என்று ஒரு வால் வரும். அந்த வால் குரலில் ஏறினால் குளியலறையில் பாடியது போல இருக்கும். அதைக் குறைக்க முட்டை அட்டை ஒட்டுகிறார்கள், அது பெரிதாக எதையும் உறிஞ்சாது, கரப்பான் பூச்சிதான் குடியேறும். கனமும் நாரும் உள்ள பொருள் வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். துணி நிறைந்த பீரோ இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள். என் பீரோவில் இருபது வருடத்துச் சேலைகள், அதைவிட நல்ல ஒலி உறிஞ்சி எனக்கு வாய்க்கவில்லை. தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். மறுபடி கை தட்டிப் பாருங்கள். வால் போயிருக்கும்.

வால் போனாலும், தாழ்ந்த சுரத்தில் அறை "கூம்" என்று உறுமுவது போகாது. இதற்குத்தான் கொஞ்சம் இயற்பியல். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகிறது. பத்து அடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி நகராமல் நின்று அதிர்வதை நிலை அலை என்போம், அவற்றில் முதலாவதன் அதிர்வெண் 345ஐ, 3.05இன் இரட்டிப்பான 6.1ஆல் வகுத்தால் வரும்: சுமார் 56.5 ஹெர்ட்ஸ். அடுத்தது அதன் இரட்டிப்பு, 113. கிட்டாரின் ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸ். காபோவை 5இல் மாட்டினால் ஆறாம் கம்பியும் அதே 110க்கு வந்துவிடும். ஆக, அந்த ஒரு சுரத்தைத் தொட்டால் மட்டும் அறை முழுக்கச் சேர்ந்து உறுமும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு மடங்கு உறுமும். நான் மூன்று நாள் கிட்டாரில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறையை இடிக்க முடியாது, இடத்தை மாற்றலாம். அந்த இரண்டாம் அலைக்குச் சுவரிலிருந்து கால் பங்குத் தூரத்தில் கணு இருக்கிறது, அதாவது அழுத்தம் அசையாத இடம். பத்து அடியில் கால் பங்கு இரண்டரை அடி. மைக்கை ஒரு சுவரிலிருந்து இரண்டரை அடியிலும், பக்கத்துச் சுவரிலிருந்தும் இரண்டரை அடியிலும் வைத்தேன். உறுமல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. சுவருக்கு இவ்வளவு அருகில் வந்தால் எதிரொலி பிடிக்கும், அதனால்தான் மெத்தையை அந்த மூலையில் நிறுத்தச் சொல்கிறேன். அறையின் நட்டநடுவில் மட்டும் உட்காராதீர்கள், 113க்கு அது உச்சமான இடம். உங்கள் அறை வேறு அளவு என்றால் மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

வெளிச் சத்தத்துக்கு நேரம்தான் மருந்து. பகலில் பழைய இரும்பு வாங்குகிற ஆட்டோ, குக்கர் விசில், காக்கா. அதிகாலை நாலரைக்கு மேல் கோயில் ஒலிபெருக்கி, பாங்கு, சர்ச் மணி என்று மூன்றும் எங்கள் தெருவுக்கு வந்துவிடும். இரவு பதினொன்று முதல் மூன்றரை வரைதான் எனக்குக் கிடைத்தது. மாதமும் முக்கியம். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும் என்பதால் சித்திரை, வைகாசியில் நினைத்தே பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பொங்கல் முடிந்து பப்ளிக் எக்ஸாம் தொடங்குவதற்குள் கிடைத்த ஆறு வாரத்தில் செய்தேன், குளிருக்குக் கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு.

ஃப்ரிட்ஜையும் நிறுத்த வேண்டும். பக்கத்து அறையில் இருந்தாலும் அதன் முனகல் மைக்கில் ஏறும். காலையில் திரும்பப் போட மறந்துவிடுவோம் என்பதற்கு ஒரு வழி: ஸ்கூட்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். பள்ளிக்கூடம் கிளம்பும்போது நினைவு வந்துதானே ஆக வேண்டும். போன் ஏரோப்ளேன் மோடில். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பெரும்பாலும் அதோடு போய்விடும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடுகிற நேரத்தில் பதிவு செய்யாமல் படுத்துத் தூங்குவது நல்லது.

மைக்

சாமான் விஷயத்தில் நிறையப் பேசலாம், பேசினால் பணம்தான் செலவாகும். ஒரு கண்டென்சர் மைக், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்க இரண்டு வழி உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை மூடுகிற ஹெட்போன், மைக் ஸ்டாண்டு. முதல் இரண்டையும் செகண்ட் ஹேண்டில் 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். கண்டென்சருக்கு 48 வோல்ட் தர வேண்டும், இன்டர்ஃபேஸில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கும். தெரு ஓயாத இடத்தில் குடியிருந்தால் கண்டென்சர் வேண்டாம், அது நாலு வீடு தள்ளி இருமுவதையும் கேட்கும். அவ்வளவு நுணுக்கமாகக் கேட்காத, ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசம். நான் பயன்படுத்துவது ரீப்பர், 60 நாள் இலவசமாக ஓட்டிப் பார்த்துவிட்டு 60 டாலர் உரிமம் வாங்கலாம். பதிவின் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். பாட்டிலேயே பலமாகப் பாடுகிற வரியைப் பாடிப் பார்த்து, சத்தம் காட்டும் முள் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி இன்டர்ஃபேஸின் திருகை வையுங்கள். சத்தம் குறைவாக இருக்கிறதே என்று ஏற்றாதீர்கள், அதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், வெடித்துப் பதிந்ததை இறக்க முடியாது.

இனி மைக்கை எங்கே வைப்பது. எல்லாரும் முதலில் கிட்டாரின் ஓட்டைக்கு நேரே வைப்பார்கள். அங்கே 100 ஹெர்ட்ஸ் பக்கத்துக் காற்று மட்டும் பொங்கிக்கொண்டு வரும், பானைக்குள் வாசித்தது போல இருக்கும். கழுத்து உடலோடு சேர்கிற இடம், 12 முதல் 14ஆவது ஃப்ரெட் பக்கம், அதுதான் கிட்டார் தன் முழுக் குரலில் பேசுகிற இடம்.

இரண்டு மைக் வைத்தும் செய்யலாம். கண்டென்சர்களில் பொதுவான வகை இதய வடிவில் கேட்கும், அதற்கு முதுகுப் பக்கம் கிட்டத்தட்டச் செவிடு. அந்தச் செவிட்டைப் பயன்படுத்துங்கள். குரல் மைக்கை மோவாய்க்குக் கீழே வைத்து மேல்நோக்கித் திருப்பினால் அதன் முதுகு கிட்டாரைப் பார்க்கும். கிட்டார் மைக்கைக் கொஞ்சம் உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கித் திருப்பினால் அதன் முதுகு வாயைப் பார்க்கும். அப்படியும் ஒன்றின் சத்தம் மற்றதில் கசியும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது குரல் மெலிந்து, தகரம் போல ஆகிவிட்டால், ஒரு மைக்கை நாலு விரல் நகர்த்திப் பாருங்கள்.

நான் இதோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு ஒரே மைக்குக்கு மாறினேன். முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். மைக்கை நெஞ்சு உயரத்தில், நேர் முன்னால், ஒரு முழம் தள்ளி வையுங்கள். முழங்கையை மைக்குக்கு நேரே நீட்டி அளந்தால் போதும், டேப் வேண்டாம். பல்லவி மட்டும் பாடிக் கேளுங்கள். கிட்டார் அதிகமாக இருந்தால் மைக்கை இரண்டு விரல் மேலே தூக்குங்கள். குரல் அதிகமென்றால் இரண்டு விரல் கீழே. அறையின் வால் அதிகமாகத் தெரிந்தால் முழத்தை ஒரு சாணுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மிக்ஸிங் என்று பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து செய்வதை இப்படி விரல்கணக்கில் முன்னாலேயே செய்துவிடுகிறோம். சரியான உயரம் கிடைத்ததும் ஸ்டாண்டில் பேனாவால் கோடு போடுங்கள், தரையில் அதன் மூன்று கால்களையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அடுத்த இரவு வந்து உட்கார்ந்தால் ஒன்றும் மாறியிருக்கக் கூடாது. நான் நாற்காலிக்கும் வட்டம் போட்டேன். பிளாஸ்டிக் நாற்காலி முனகும், மர முக்காலிதான் நல்லது. பாதத்தால் தாளம் போடுகிற பழக்கம் இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள்.

நெருக்கத்தில் பாடும்போது பகரம் வெடிக்கும். தமிழில் எல்லாப் பகரமும் வெடிக்காது என்பது பதிவைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. 'அன்பு', 'கம்பு' என்பதில் வருவது மெல்லெனப் போய்விடும். சொல்லின் தலையில் வருவதும், இரட்டித்து வருவதும்தான் மைக்கில் உதைக்கும். என் பாட்டு ஒன்று 'பனங்காட்டுப் பாதையிலே' என்று தொடங்குகிறது, முதல் வரியிலேயே இரண்டு உதை. எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்து மாட்டி மைக்குக்கு நாலு விரல் முன்னால் நிறுத்தினால் காற்று சிதறிவிடும். அதுவும் போதாத இடத்தில் ஒரு பென்சிலை ரப்பர் பேண்டால் மைக்கின் முகத்துக்கு நடுவில் செங்குத்தாகக் கட்டினேன். வாயிலிருந்து வருகிற காற்று இரண்டாகப் பிரிந்து போய்விடுகிறது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், நன்றாக வேலை செய்யும்.

கம்பி

புதுக் கம்பி பளீரென்று கேட்கும், ஆனால் முதல் நாள் சுருதியில் நிற்காது. பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் மாற்றி, ஒவ்வொரு கம்பியையும் விரலால் தூக்கி இழுத்துவிட்டு, ஒரு மணி நேரம் வாசித்துப் பழக்குங்கள். நான் போடுவது பாஸ்பர் பிரான்ஸ், 12 முதல் 53 வரை உள்ள செட். கடலோரத்தில் இருக்கிறவர்களுக்குக் கம்பி ஒரு வாரத்தில் துரு வாசம் அடித்துவிடும், உறையிட்ட கம்பி வாங்கினால் கொஞ்சம் தாங்கும். காபோ மாட்டியதும் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும் என்பதை மறக்காதீர்கள். மாட்டிய பிறகு மறுபடி சேர்க்க வேண்டும், ஒவ்வொரு தடவை பாடுவதற்கு முன்னாலும் சேர்க்க வேண்டும்.

பாடுகிற இரவு

ஒரு இரவுக்கு இரண்டு பாட்டு, ஒரு பாட்டுக்கு மூன்று தடவை. இதற்கு மேல் போகாதீர்கள். முதல் தடவையில் பயம் இருக்கும், மூன்றாவதில் களைப்பு தொடங்கும். பெரும்பாலும் இரண்டாவதுதான் ஆல்பத்துக்குப் போகும். ஒன்பதில் ஆறு எனக்கு அப்படித்தான். நாலாவது, ஐந்தாவது என்று போனால் தப்பு குறையும், பாட்டும் சேர்ந்து குறையும். மூன்றிலும் அமையவில்லை என்றால் மைக்கை அணைத்துவிட்டு, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் தொடங்குவதற்கு முன் பாட்டின் பெயரையும் எண்ணையும் வாயால் சொல்லுங்கள், பிறகு கோப்புகளைத் தேடும்போது கும்பிடுவீர்கள். எதுவும் பாடாமல், அசையாமல், அறையின் சும்மாச் சத்தத்தை அரை நிமிடம் பதிந்து வையுங்கள், பாட்டுகளுக்கு நடுவில் இடைவெளி விட அது வேண்டும். பாட்டு முடிந்ததும் கடைசிக் கார்டு தானாகச் செத்துப்போகும் வரை கையை எடுக்காதீர்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். 'அப்பாடா' என்று நான் விட்ட பெருமூச்சால் ஒரு நல்ல பாட்டை இழந்திருக்கிறேன்.

ஏழாவது பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால், கீழே அத்தை இருமுவது கேட்கும். அதை எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது, அந்த இடத்தில் கிட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தையிடம் சொன்னதற்கு, "அப்போ எனக்கும் பங்கு உண்டு" என்றார்கள்.

எந்தத் தடவை நன்றாக வந்தது என்று அன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம். கை வலியும் தூக்கமும் காதுக்குள் உட்கார்ந்திருக்கும். ஒரு வாரம் கழித்து, பகலில், சமையல் செய்துகொண்டே கேளுங்கள். எந்தப் பதிவில் கரண்டியைக் கீழே வைத்தீர்களோ, அதுதான்.

அதற்கப்புறம்

கம்ப்யூட்டரில் நான் செய்தது நாலே வேலை. 75 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன், லாரி போகிற அதிர்வெல்லாம் அங்கேதான் இருக்கிறது. 113 ஹெர்ட்ஸ் பக்கம் குறுகலாக மூன்று டெசிபெல் இறக்கினேன். பலமான இடங்களை கம்ப்ரெஸரால் லேசாக அமுக்கினேன். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு ரிவெர்ப் (அறை எதிரொலி போன்ற ஒலி) சேர்த்தேன். பிறகு போன் ஸ்பீக்கரில், வீட்டுக்காரர் காரில், ஐம்பது ரூபாய் இயர்போனில் என்று மூன்றிலும் கேட்டேன். சொல் எல்லாவற்றிலும் புரிந்தது, போதும்.

சத்தத்தை ஏற்றுவதில் போட்டி போடாதீர்கள். ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவை சத்தமான பாட்டுகளைப் பொதுவாக ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அளவு) வரை இறக்கி ஒலிக்கவிடுகின்றன. நசுக்கி நசுக்கிச் சத்தமாக்கி அனுப்பினாலும் அவர்கள் இறக்கிவிடுவார்கள், நசுங்கியதுதான் மிச்சம். உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசைக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினேன். ஒன்பது சீட்டில் பெயர், சுருதி, நீளம் எழுதித் தரையில் பரப்பி நகர்த்திக்கொண்டே இருந்தேன். நான் கேசட் காலத்து ஆள். அரை மணி நேரத்துக்கு ஒரு பக்கம் முடிந்து, எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும் என்பது உடம்பில் ஊறியிருக்கிறது. அதனால் ஐந்து, நாலு என்று இரண்டு பக்கமாகவே பிரித்துக்கொண்டேன், திருப்புவதற்கு யாரும் இல்லாவிட்டாலும். ஒரே சுருதிப் பாட்டுகள் முடிந்தவரை அடுத்தடுத்து வராமல் பார்த்தேன். முன்னிசை இல்லாமல் குரலோடு தொடங்குகிற பாட்டை முதலில் வைத்தேன். இடைவெளி எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வேண்டாம். ஒரு சாவுப் பாட்டு முடிந்ததும் ஐந்து விநாடி விட்டேன், அதற்கடுத்த இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் ஒரு விநாடிகூட இல்லை.

வெளியிடுவது

பெயரை முதலில் முடிவு செய்யுங்கள். ஆங்கில எழுத்தில் உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு தடவை தீர்மானித்தால் அதையே எங்கும் எழுத வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். ழகரம் உள்ளவர்கள் கூடுதலாகக் கஷ்டப்படுவீர்கள். என் பாட்டுகளை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பிய விநியோக நிறுவனம், தமிழ் எழுத்தில் தலைப்புக் கொடுத்ததற்கு 'மொழி பொருந்தவில்லை' என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. மொழி தமிழ் என்று குறித்துத்தான் இருந்தேன். கடிதப் போக்குவரத்து 19 நாள் ஓடியது. ஆகவே வெளியிடுகிற தேதிக்கு ஆறு வாரம் முன்னால் அனுப்பிவிடுங்கள். அட்டைப்படம் சதுரமாக, 3000க்கு 3000 பிக்சல். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண் வேண்டும், அதைப் பெரும்பாலும் விநியோகிக்கிறவர்களே தந்துவிடுவார்கள். எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாறினால் அதே எண்ணைத்தான் தர வேண்டும்.

பணத்தைப் பற்றி: 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் பைசா வரும். அரை நிமிடம் தாண்டினால்தான் ஒரு தடவை என்று கணக்கு. என் ஒன்பதில் இரண்டு மட்டும் ஆயிரத்தைத் தாண்டியது. பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் கேட்கிறவர்களுக்கே நேரடியாக விற்றால் அவர்கள் எடுப்பது 15 சதவீதம். இதைவிட எனக்குக் கைகொடுத்தது பென் டிரைவ்தான். கொயர் கச்சேரிக்குப் பிறகு வாசலில் நின்று, 150 ரூபாய்க்கு, 64 விற்றேன். காரில் சொருகிக் கேட்கிறார்கள்.

உரிமை விஷயத்தில் சோம்பல் படாதீர்கள். ஒரு பாட்டில் மூன்று சொத்து இருக்கிறது: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றும் உங்களுடையதென்றால் தலைவலி இல்லை. என் ஆல்பத்தில் இரண்டு பாட்டுக்கு வரி எழுதியது தோழி. வருகிற பணத்தில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பக்கக் காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம், போட்ட பிறகு பஜ்ஜி சாப்பிட்டோம். பதிப்புரிமையைப் பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் பதிந்தால் தகராறு வரும்போது காகிதம் இருக்கும். வரியும் மெட்டும் என்றால் தலைக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. பாட்டு எழுதுகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்கள் அவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் சேர்ந்துகொள்வதும் நல்லது. அடுத்தவர் பாட்டைச் சேர்க்க ஆசைப்பட்டால் அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். பாரதியார் பாட்டு என்றால் கவலை இல்லை, அவருடைய எழுத்துகள் 1949லேயே அரசுடைமை ஆகிவிட்டன. ஆனால் வரிகள்தான் பொது. ஒரு படத்தில் வந்த மெட்டிலேயே பாடினால் அந்த மெட்டு இன்னொருவருடையது.

கடைசியாக, கோப்புகள். எம்பி3 மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடாதீர்கள். வேண்டாமென்று ஒதுக்கிய தடவைகள் உட்பட சுருக்காத மூலப் பதிவுகளான எல்லா வேவ் கோப்புகளையும் இரண்டு ஹார்டு டிஸ்கில் போடுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. என்னுடையது ஒன்று மேஜை டிராயரில். இன்னொன்று சாயர்புரத்தில், அம்மா வீட்டுப் பீரோவில், சேலைகளுக்கு அடியில். அம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது. தூசி தட்டும்போது எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்துவிடுகிறாள்.